டெஸ் கட்டிய நான்கு பாத்திகள்

எங்கள் ஊரில் குளிர் தொடங்குகிற மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலை, பூண்டு நட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு நோலீன் விழுந்தாள். நான்தான் முதலில் பார்த்தேன். கீழே விழுந்த எதையோ தேடுகிறாள் என்று நினைத்து, வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பேச்சுக் கொடுத்தேன். பதில் இல்லை. இருபத்தெட்டு வருஷத்தில் அவள் எனக்குப் பதில் சொல்லாமல் இருந்ததே கிடையாது. வேலியைத் தாண்டிக் குதித்தேன். அறுபத்து நான்கு வயதில் அதை எப்படிச் செய்தேன் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

பக்கவாதம் என்றார்கள். வலது கையும் வலது காலும் போய்விட்டன. பேச்சு போகவில்லை, ஆனால் கலைந்துபோய்விட்டது. என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். வாயைத் திறந்தால் வேறொரு வார்த்தை வந்து நிற்கும். டீ வேண்டும் என்றால் ஜன்னல் என்பாள். அது தப்பு என்பதும் அவளுக்கே தெரியும். அதுதான் கொடுமை. திட்டுகிற வார்த்தைகள் மட்டும் ஒன்றுகூடத் தப்பாமல் வந்தன. அது இந்த நோயில் வழக்கம்தான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நோலீனைத் தெரிந்த எங்களுக்கு அதில் ஆச்சரியமும் இல்லை.

அவள் கணவன் டெஸ். எழுபது வயது. அவனை 'அவர்' என்று நான் சொன்னால் அவனே சிரிப்பான். டெவன்போர்ட் துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவன். இரும்பு, மரம், கயிறு எதுவானாலும் அவன் கையில் வளையும். ஆனால் செடி என்றால் ஒன்றும் தெரியாது. கல்யாணமான புதிதில் வெங்காய நாற்று ஒரு வரிசை முழுவதையும் மிதித்துவிட்டான் என்று, அன்றிலிருந்து அவனுக்குத் தோட்டத்தில் நடைபாதை வரைக்கும்தான் அனுமதி. அதைத் தாண்டியதெல்லாம் நோலீனுடையது. எங்கள் கடற்கரைப் பக்கத்துச் சிவப்பு மண்ணைக் கையில் அள்ளி முகர்ந்து பார்ப்பாள். மேட்டுப்பாத்தி கட்டுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு இளக்காரம். இப்படிப்பட்ட மண்ணை வைத்துக்கொண்டு பெட்டிக்குள் செடி வளர்க்கிறார்களே, இவர்களுக்கு என்ன கேடு என்று எங்கள் ஊர் உல்வர்ஸ்டன் முழுக்கச் சொல்லித் திரிந்தவள்.

ஜூலையில் என் மகளுக்குப் பிரசவம். பிரிஸ்பேன் போய் ஆறு வாரம் இருந்துவிட்டு ஆகஸ்ட் நடுவில் திரும்பினேன். பெட்டியைக் கீழே வைப்பதற்குள் டெஸ் வேலியோரம் வந்து நின்று கையசைத்தான். "வா, வந்து பாரு" என்றான்.

போய்ப் பார்த்தேன். பழைய தண்ணீர்த் தொட்டியை வெட்டி, அந்த நெளித்தகரத்தை நிறுத்தி, மூலைக்கு மூலை மரக்கட்டை கொடுத்து, நான்கு மேட்டுப்பாத்திகள் கட்டியிருந்தான். ஒவ்வொன்றும் அவன் இடுப்பு உயரம், ஐந்தடி அகலம். கை கிழிக்காமலிருக்கத் தகரத்தின் விளிம்பு முழுக்கப் பழைய ரப்பர் குழாயைப் பிளந்து மாட்டியிருந்தான். பாத்திகளுக்கு நடுவே சக்கர நாற்காலி போக சிமெண்டுப் பலகை பதித்திருந்தான். அடியில் விறகுக் கட்டை, அதன்மேல் வைக்கோல், அதன்மேல் குதிரை லத்தி, மேலே மண். ஐந்து வாரம் தனியாகச் செய்திருக்கிறான். பகலில் பாதி ஆஸ்பத்திரியில், மீதி இங்கே.

"இனிமே அவ குனியவே வேணாம். அப்படியே வந்து கைய வெச்சா போதும்" என்றான்.

அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாத்திகளைத் திரும்பப் பார்த்தேன். மூன்றாவதும் நான்காவதும் நின்ற இடம் நோலீனின் அஸ்பாரகஸ் இருந்த இடம்.

அஸ்பாரகஸ் ஒரு வருஷப் பயிர் இல்லை. விதை போட்டு மூன்று வருஷம் தொடாமல் காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு வேர் இருபது, இருபத்தைந்து வருஷம் மண்ணுக்குள் உயிரோடிருந்து, வசந்தம்தோறும் விரல் தடிமனில் கூர்முனைக் குருத்து விடும், அதை வெட்டிச் சமைப்போம். குளிர்காலத்தில் மேலே ஒன்றுமே இருக்காது. காய்ந்த தண்டை வெட்டி வைக்கோல் மூடிவிட்டால் வெறும் தரை மாதிரிதான் தெரியும். நாற்காலி உருள்வதற்குச் சமதரை தேடிய டெஸ்ஸுக்கு அந்த வெறும் தரைதான் கிடைத்திருக்கிறது. பத்தொன்பது வருஷத்து வேர்களின்மேல் இரண்டு டன் மண்ணைக் கொட்டியிருக்கிறான்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவன் ஐந்து வார உழைப்பைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். கையெல்லாம் தகரம் கிழித்த காயம். இனிச் சொல்லி என்ன, வேர் செத்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். "பிரமாதமா இருக்கு, டெஸ்" என்றேன்.

ஆகஸ்ட் கடைசியில் நோலீன் வீட்டுக்கு வந்தாள். அவளைப் பின்வாசல் வழியாக டெஸ் தோட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தான். நானும் கூட நின்றேன். அவள் நான்கு பாத்திகளையும் பார்த்தாள். இடது கையைத் தூக்கி மூன்றாவதைக் காட்டினாள்.

"பென்சில்" என்றாள்.

டெஸ் உள்ளே ஓடிப்போய் ஒரு பென்சிலும் காகிதமும் கொண்டு வந்தான். எழுதிக் காட்டப் போகிறாள் என்று நினைத்தான், பாவம். அவள் அதைத் தட்டிவிட்டாள். "பென்சில், பென்சில்" என்று மறுபடி மறுபடி சொன்னாள். பிறகு அழுதாள். எனக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது. அஸ்பாரகஸ் குருத்து வேறு எப்படி இருக்கும்? நான் குனிந்து பென்சிலைப் பொறுக்கினேன். நிமிரக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவள் தோட்டத்துக்கு வர மறுத்துவிட்டாள். நாற்காலியைப் பின்வாசல் பக்கம் திருப்பினாலே சக்கரத்தை இடது கையால் பிடித்துக்கொள்வாள். சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்ப்பாள், அவ்வளவுதான். தன்னால் இனி முடியாது என்ற துக்கம் என்று டெஸ் நினைத்தான். செடி வந்துவிட்டால் மனசு மாறும் என்று தானே நட ஆரம்பித்தான். லெட்யூஸ், பட்டாணி, சில்வர்பீட் கீரை என்று கடையில் நாற்று வாங்கி வந்து, அட்டையில் போட்டிருந்ததை மூக்குக் கண்ணாடி போட்டுப் படித்துப் படித்து நட்டான். லத்தி இன்னும் மக்கவில்லை, சூடு அடங்கவில்லை. ஒரே வாரத்தில் நாற்றெல்லாம் வெந்துபோனது போல் சுருண்டுவிட்டது. மறுபடி வாங்கினான். அதில் பாதியை நத்தை தின்றது. அவன் நத்தைகளைப் பொறுக்கி ஒரு வாளியில் போட்டு, கொல்ல மனசில்லாமல், என் வேலியோரம் கொண்டுவந்து விட்டான். அதை நான் பெரிதுபடுத்தவில்லை.

செவ்வாய்க்கிழமைதோறும் அவளைப் பேச்சுப் பயிற்சிக்காக பக்கத்து ஊரான பர்னிக்குக் கூட்டிப்போவான். பயிற்சியும் சேர்த்துப் போய்வர மூன்று மணி நேரம். எங்களுக்கு வசந்தம் தொடங்கும் செப்டம்பரில், இரண்டாவது செவ்வாய், அவர்கள் கார் தெருமுனை திரும்பியதும் நான் என் நாற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். செத்ததைப் பிடுங்கிவிட்டு, குழிகுழியாக என் மக்கு உரத்தை இட்டு, என் நாற்றை நட்டேன். சொல்லாமல் விட்டதற்குப் பிராயச்சித்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது மட்டும் என்று சொன்னால் பொய். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரலே வராத ஒரு வசந்தத்தை என்னால் தாங்க முடியவில்லை. அங்கே முழங்கை வரை மண்ணோடு நிற்கும்போது அவள் பக்கத்தில் இருப்பது போலிருந்தது.

இப்படி ஐந்து செவ்வாய் போயிற்று. டெஸ்ஸுக்குத் தலைகால் புரியவில்லை. தபால்காரரை நிறுத்திக் காட்டினான். தனக்கு இவ்வளவு வருஷம் கைராசி இருந்தும் நோலீன் நடைபாதையிலேயே நிறுத்தி வைத்துவிட்டாளே என்று என்னிடமே வருத்தப்பட்டான். நான் தலையாட்டினேன்.

ஆனால் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் செடி பார்த்தே வாழ்ந்தவள். செவ்வாய் காலையில் விரல் உயரமிருந்த லெட்யூஸ் சாயங்காலம் சாண் உயரமாகிவிடுவதை அவள் கவனிக்காமலா இருப்பாள்?

அக்டோபர் நடுவில் ஒரு செவ்வாய். கார் கிளம்பியது. நான் போய் இரண்டாவது பாத்தியில் தலையை விட்டுக்கொண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். பின்வாசல் திறந்தது. நாற்காலியில் நோலீன், பின்னால் டெஸ். ஊர் எல்லை தாண்டியதும் அவள் கார்க் கதவைக் குத்திக் குத்தித் திரும்பச் சொல்லியிருக்கிறாள். உடம்பு சரியில்லையோ என்று பயந்து அவன் திரும்பியிருக்கிறான். வீட்டுக்கு வந்ததும் தானாகவே பின்வாசலைக் காட்டியிருக்கிறாள்.

என் ஒரு கையில் களைக்கொத்து, மறு கையில் லெட்யூஸ் நாற்று.

நோலீன் சிரித்தாள். முகத்தின் ஒரு பக்கம் மட்டும்தான் மேலே போனது. ஆனால் சத்தம் முழுசாக வந்தது, பழைய சத்தம், பக்கத்துத் தெரு நாயைக் குரைக்க வைக்கிற சத்தம். மே மாதத்துக்குப் பிறகு அதை நான் கேட்டதே இல்லை. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

டெஸ் சிரிக்கவில்லை. பாத்தியோரம் வந்து ஒரு பட்டாணிச் செடியைத் தொட்டுப் பார்த்தான்.

"இது நீயா?" என்று கேட்டான்.

"ஆமா."

"எல்லாமேவா?"

"சில்வர்பீட்ல மூணு உன்னோடது."

அவன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். பிறகு என்னைப் பார்க்காமல் நோலீனைப் பார்த்துச் சொன்னான். "உனக்கு டீ வேணுமா ஜன்னல் வேணுமான்னுகூட எனக்குத் தெரிய மாட்டேங்குது. சட்டை பட்டன்கூட நான் போட்டா கோணலாப் போகுது. இது ஒண்ணாவது உனக்காக என்னால முடியுதேன்னு நெனச்சேன், கண்ணு."

நோலீனின் சிரிப்பு நின்றது. அவனையே பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த நாற்றைக் கை நீட்டிக் கேட்டாள். கொடுத்தேன். நாற்காலியைத் தகரத்தோடு ஒட்டித் தள்ளச் சைகை காட்டினாள். முட்டி தகரத்தில் இடித்தது. பக்கவாட்டில் திருப்பினோம். இடது கையை உயர்த்தி விளிம்புக்கு மேலே நீட்டினாள். விளிம்பிலிருந்து ஒரு சாண்தான் எட்டியது. நாற்று தடுமாறி விழுந்தது. இப்போது புரிகிறதா என்பது போல எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

எங்களுக்குப் புரியவில்லை. பழக்கத்தில் வந்துவிடும், நான் பிடித்துக்கொள்கிறேன் என்று டெஸ் ஏதேதோ சொன்னான்.

"மடையா" என்றாள் நோலீன், தெளிவாக. பிறகு தன் நாற்காலியைத் தட்டினாள். "நீ. உக்காரு." அதுவும் தப்பாமல் வந்தது.

அவளைத் தூக்கித் தோட்டத்து பெஞ்சில் உட்கார வைத்தோம். டெஸ் தயங்கித் தயங்கி நாற்காலியில் உட்கார்ந்தான். சமையல் அவன் கைக்கு வந்ததிலிருந்து பாத்திரம் துடைக்கும் துணி ஒன்று எப்போதும் அவன் தோளில் கிடக்கும். அதைக் காட்டினாள். தன் செத்த கையைத் தூக்கிக் காட்டி, அவன் வலது கையைக் காட்டினாள். கட்டு என்று எனக்குச் சைகை. நான் அவன் வலது மணிக்கட்டை இடுப்பு வாரோடு சேர்த்து அந்தத் துணியால் கட்டினேன். கீழே விழுந்த நாற்றை எடுத்து அவன் இடது கையில் வைத்தேன்.

அவன் நல்ல உயரம். அவனுக்கும் முட்டி இடித்தது. எக்கினான், தகர விளிம்பு அக்குளில் அழுத்தியது. மண்ணில் விரலால் குழி தோண்டப் பார்த்தான். நாற்று கையிலிருந்து நழுவிற்று. இன்னொரு கை தேவைப்பட்டது, அது கட்டுக்குள் கிடந்தது. நடுப்பாத்திக்கு ஒரு முழம் பாக்கி இருந்தது. மறுபடி எக்கினான். முகம் சிவந்து மூச்சு வாங்கியது. பிறகு நிறுத்திவிட்டு நெற்றியை அந்த ரப்பர் விளிம்பின்மேல் சாய்த்துக்கொண்டான்.

"நான் எனக்கு அளவெடுத்துக் கட்டியிருக்கேன்" என்றான். "நின்னுக்கிட்டே அளவெடுத்திருக்கேன்."

பெஞ்சிலிருந்து நோலீன் கையை நீட்டினாள். எட்டவில்லை. நான் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினேன். அவன் தலையில் கையை வைத்துக்கொண்டாள். அழுகிறவனைச் சமாதானம் செய்ய அவளிடம் வார்த்தை இல்லை. முதுகைத் தட்டித் தட்டி "ஞாயிறு, ஞாயிறு" என்றாள். அவனுக்கு அது போதுமானதாக இருந்தது.

எனக்குப் போதவில்லை. இதற்கு மேலும் மறைத்தால் நான் மனுஷியே இல்லை. அஸ்பாரகஸைப் பற்றிச் சொன்னேன். பென்சில் என்றால் என்ன என்று சொன்னேன்.

டெஸ் கட்டை அவிழ்க்கச் சொல்லவில்லை. அப்படியே உட்கார்ந்துகொண்டு கேட்டான். "உனக்கு எப்பத் தெரியும்?"

"பிரிஸ்பேன்லேர்ந்து வந்த அன்னிக்கே."

"ரெண்டு மாசம்" என்றான். "வீட்டுக்கு வந்ததிலேர்ந்து அவ பென்சில் பென்சில்னு கெஞ்சினா. நான் கடைக்குப் போய் கலர் பென்சிலெல்லாம் வாங்கிட்டு வந்தேன், லொரெய்ன்."

துணியை அவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கும் மறுநாளும் டெஸ் என்னோடு பேசவில்லை. வேலியோரம் போனால் முதுகைக் காட்டினான். அது நியாயம்தான். மூன்றாம் நாள் காலை கதவைத் தட்டினான். கையில் இரண்டு மண்வாரி. ஒன்றை என்னிடம் நீட்டினான். "நீயும் வா. உனக்கும் முதுகு வலிக்கட்டும்" என்றான்.

மூன்றாவது பாத்தியையும் நான்காவதையும் பிரிக்க இரண்டு நாள் ஆயிற்று. நோலீன் காலையிலேயே நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டாள், மடியில் கம்பளியோடு. போர்மேன் மாதிரி. தகரத்தைக் கழற்றி, மண்ணை வாரி, வைக்கோலை இழுத்துப் போட்டோம். என் பட்டாணியெல்லாம் போயிற்று. இரண்டாம் நாள் சாயங்காலம் அடிக்கட்டைகளுக்கு வந்தோம். டெஸ் ஒரு கட்டையைப் புரட்டினான். புரட்டியவன் அப்படியே மண்டியிட்டுவிட்டான்.

கட்டைகளுக்கு நடுவே வெள்ளையாக நின்றது. வெயிலே காணாததால் பச்சை ஏறாமல், மெழுகுவர்த்தி நிறத்தில், கட்டையைச் சுற்றி வளைந்து, சந்து கண்ட இடத்தில் நுழைந்து, மேலே வரப் பார்த்த குருத்துகள். சில முழ நீளம். எண்ணிப் பார்த்ததில் பதினொன்று. முப்பது வேர் இருந்த இடத்தில் பதினொன்று. மீதி அழுகியிருந்தது.

அவன் அதில் ஒன்றைத் தெரியாமல் முறித்துவிட்டான். பதறிப்போய் இரண்டு கையிலும் ஏந்தி நோலீனிடம் கொண்டுபோனான். அவள் அதைத் துடைக்கக்கூட இல்லை. பச்சையாகக் கடித்து மென்றாள். கன்னத்தில் மண். பாதியை அவனிடம் நீட்டினாள். அவன் கடித்துவிட்டு மிச்சத்தை என்னிடம் தந்தான். அவ்வளவு இளசாக, அவ்வளவு தித்திப்பாக நான் தின்றதில்லை. மண்ணும் கொஞ்சம் பல்லில் கடிபட்டது.

மற்றதை டெஸ் சமைப்பதற்கு வெட்டப் போனபோது நோலீன் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். தலையை ஆட்டினாள். ஒரு வருஷம் வெட்டாமல் விட்டால்தான் வேர் தேறும். அதைச் சொல்ல அவளுக்கு வார்த்தை வேண்டியிருக்கவில்லை. டெஸ் கத்தியைப் பையில் போட்டுக்கொண்டான்.

இரண்டு வாரத்தில், அஸ்பாரகஸுக்குத் தள்ளி, நோலீனுக்கென்று புதுசு ஒன்று கட்டினான். இந்தத் தடவை ஒவ்வொரு தகரத்தையும் வெட்டுவதற்கு முன்னால் அவளைக் கேட்டான். அவளை நாற்காலியில் உட்கார வைத்துக் கையை நீட்டச் சொல்லி, நடுவிரல் நுனியில் சாக்பீஸால் கோடு போட்டான். இரண்டடி அகலம்தான். கீழே முட்டி நுழைய இடம் விட்டு, கால் வைத்த தொட்டி மாதிரி, மேசை மாதிரி. குழி தோண்ட ஒரு கை போதும்படி கைத்தடி நுனியில் மர ஆணி ஒன்று செருகிக் கொடுத்தான். குத்தி எடுத்தால் விதைக்குத் தகுந்த குழி. பழையவற்றில் மீதி இரண்டையும் பிரிக்க வேண்டாம் என்று அவள் தலையாட்டிவிட்டாள். ஒன்று டெஸ்ஸுக்கு. இன்னொன்றை எனக்குக் கொடுத்தாள். தண்டனையா பரிசா என்று தெரியவில்லை.

முதல் பீன்ஸ் விதையை நவம்பர் தொடக்கத்தில் போட்டாள். ஒரு வரிசை முடிக்க முக்கால் மணி நேரம். நடுவில் இரண்டு தடவை விதை பாக்கெட் கவிழ்ந்தது. டெஸ் எடுத்துத் தர எழுந்தான், அவள் ஒரு பார்வை பார்த்தாள், உட்கார்ந்துகொண்டான். அவளே கைத்தடியால் இழுத்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

பேச்சு அதிகமாகத் திரும்பவில்லை. பர்னியில் பயிற்சி கொடுக்கிற பெண் ஜனவரியில் அதை மெதுவாக டெஸ்ஸிடம் சொன்னாள். வந்தவரைக்கும்தான், இனிப் பெரிய மாற்றம் இருக்காது என்று. அன்று அவன் என் வாசலில் வந்து வெகுநேரம் நின்றுவிட்டுப் போனான். ஆனால் அவர்களுக்குள் ஒரு பாஷை உண்டாகிவிட்டது. கொத்தமல்லி என்பதற்கு அவள் 'மாமியார்' என்றாள், அவனும் கடையில் மாமியார் விதை இருக்கிறதா என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டான்.

இந்தக் கோடையில் நான் கவனித்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். டெஸ் இப்போது தோட்டத்தில் நின்றுகொண்டு வேலை செய்வதில்லை. சமையலறையிலிருந்து ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டிருக்கிறான். அந்த ஒல்லிப் பாத்திக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் அவன், இருவர் முகமும் ஒரே உயரத்தில். நேற்று நெருக்கமாக முளைத்த கேரட் நாற்றைக் களைந்துகொண்டிருந்தார்கள். எதைப் பிடுங்குவது, எதை விடுவது என்று அவனுக்கு இன்னும் தெரியவில்லை. ஒவ்வொன்றையும் தொட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பான். அவள் புருவம் ஏறினால் விட்டுவிடுவான், இறங்கினால் பிடுங்குவான். இருபது கேரட்டுக்கு ஒரு மணி நேரம். இருவருக்கும் எந்த அவசரமும் இருப்பதாகத் தெரியவில்லை.